தேவனாம்பட்டினமும் கால்பந்தும்

ஆங்கிலேயர் கால் வைத்த இடத்திலெல்லாம் கால்பந்தும் வேரூன்றியது என்பார்கள். கடலூர் வரலாறு இதை மறுக்கிறது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை அவர்கள் வாங்கியது 1690இல். கால்பந்து விதிகள் எழுதப்பட்டதோ 1863இல். அதற்கு நூறாண்டு முன்பே ஆங்கிலேயரின் தலைமை அதிகாரம் இக்கோட்டையிலிருந்து சென்னைக்குத் திரும்பிவிட்டது. ஆட்டத்தை வளர்த்தது கொடியல்ல. பட்டாளமும் கல்லூரியும் சங்கங்களும் ஒரே ஊரில் சேர்ந்திருந்ததுதான். கல்கத்தாவுக்கு அது வாய்த்தது. 1911இல் அந்நகரின் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு, வெள்ளைப் பட்டாளத்தையே வென்றது. கிரிக்கெட்தான் கால்பந்தை விழுங்கியது என்பாரும் உண்டு. ஈடன் கார்டன் கிரிக்கெட் மைதானம் இருக்கும் அதே கல்கத்தா கால்பந்துக்கும் உயிரை விடுகிறதே! கடலூரில் ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை. பயிற்சி கிடைத்ததும் இவ்வூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிவரை உயர்ந்தார். 2018இல் மணிப்பூரை வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்ற தமிழ்நாட்டு மகளிர் அணியிலும் அவர் இருந்தார்.