வைக்கோல் பரணில் தொடங்கிய ஆட்டம்

சரித்திரப் புத்தகங்களில் அரசர்களுக்கும் சேனாதிபதிகளுக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. கல்லூரிப் பெண்களுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்த ஒருவருக்கு அதில் இடம் உண்டா என்று கேட்டால் சிரிப்பவர்களே அதிகமாக இருப்பார்கள். ஆனால் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்துச் சர்வகலாசாலையில் 38 ஆண்டுகள் அந்த ஒரே வேலையைச் செய்த பேட் சம்மிட் என்ற பெண்மணியின் வாழ்க்கையைப் படித்தபோது, நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டாயிற்று. இப்படி ஒரு பாத்திரத்தை நான் கற்பனையாகப் படைத்திருந்தால், "முடிவு நம்பும்படியாக இல்லையே!" என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள்.

முதலில் அந்த ஆட்டத்தின் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து பிறந்தது 1891-இல், மாசசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த மாணவர்களுக்காகப் பீச் பழக்கூடை இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்து அதை ஆரம்பித்து வைத்தார். அடுத்த வருஷமே, பக்கத்திலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். ஆனால் பெண்கள் அதிகமாக ஓடினால் உடம்புக்கு ஆகாது, குணத்துக்கும் ஆகாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஆகவே ஆடுகளத்தை மூன்று பாகமாகக் கோடு கிழித்து, ஒருத்தியும் தன் பாகத்தைத் தாண்டக்கூடாது என்று விதி செய்தார். 1893-இல் அங்கே நடந்த முதல் போட்டியைப் பார்க்க ஆண்கள் ஒருவருக்கும் அனுமதி கிடையாது.

அந்தக் கோடு லேசில் அழியவில்லை. மூன்று பாகம் பின்னால் இரண்டாயிற்று. கட்சிக்கு ஆறு பெண்கள். மூவர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள், மூவர் மறு பாதியில் நின்று எதிரியைத் தடுப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டினால் குற்றம். லட்சுமணன் கிழித்த கோடாவது சீதையைக் காப்பதற்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கோடு யாரை எதிலிருந்து காப்பாற்றியது என்று எனக்கு விளங்கவில்லை.

1952-இல் டென்னஸியில் ஒரு குடியானவர் வீட்டில் பேட்ரிஷியா ஹெட் பிறந்தாள். மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. மாடு, புகையிலை, வைக்கோல் - இவைதாம் அந்த வீட்டின் உலகம். தகப்பனார் ரிச்சர்டு ஹெட் பேச்சிலே சிக்கனக்காரர்; வேலை வாங்குவதில் அப்படி அல்ல. பகலெல்லாம் வயலில் உழைத்த பிள்ளைகள் இரவில் களஞ்சியத்து வைக்கோல் பரணில் வளையம் மாட்டிப் பந்தாடினார்கள். அண்ணன்மாரோடு முட்டி மோதி ஆடிய அந்தப் பெண்ணுக்கு அங்கே கோடும் இல்லை, தனி விதியும் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, அவர்கள் இருந்த இடத்துப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்துக் குழு கிடையாது. தகப்பனார் வாய் திறந்து மகளைப் புகழ்ந்ததே இல்லை. ஆனால் குழு உள்ள பள்ளியில் அவள் சேரவேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனார். அன்பைச் சொல்லத் தெரியாத தகப்பன்மார் அதை இப்படித்தான் செய்து காட்டுகிறார்கள்.

1972-இல் அமெரிக்கச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. மத்திய சர்க்காரின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட அந்த விதியில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பெண்களின் விளையாட்டைத் தலைகீழாக மாற்றியது அதுதான். ஆனால் சட்டம் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போய் விளக்கேற்றும் வேலையை யாராவது ஒரு மனிதப் பிறவிதான் செய்யவேண்டும்.

1974-இல் அந்த வேலை பேட்டுக்கு வந்து சேர்ந்தது. வயது 22. முதுகலைப் படிப்புக்கும் உதவி ஆசிரியை வேலைக்கும் டென்னஸி சர்வகலாசாலைக்கு வந்தவர், இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போய்விட்டபடியால், திடீரென்று தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். சம்பளம் மாதம் 250 டாலர். அவரிடம் ஆடிய பெண்களில் சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். டோனட் என்னும் இனிப்புப் பணியாரம் விற்ற காசில் வாங்கிய சீருடைகளை அவரே வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டிச் சென்றவரும் அவரே. அந்த டிசம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் மெர்ஸர் சர்வகலாசாலையிடம் 83-க்கு 84 என்று ஒரே புள்ளியில் தோற்றார்.

அதே வருஷ ஆரம்பத்தில் முழங்கால் தசைநார் அறுந்து, இனி ஆட்டம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேட் கேட்கவில்லை. 1976-இல் மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அமெரிக்கக் குழுவில் ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார்; தங்கம் சோவியத் குழுவுக்குப் போயிற்று. எட்டு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில், அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றபோது, அவர்களுக்குப் பயிற்சியாளர் அவர்தாம்.

இதற்கிடையே அந்த நடுக்கோட்டையும் அவர் சும்மா விடவில்லை. டென்னஸி உயர்நிலைப் பள்ளிகளில் 1970-களிலும் பெண்கள் பாதிக் களத்தில்தான் ஆடினார்கள். ஒரு மாணவி அதை எதிர்த்து நீதிமன்றம் போனாள்; கீழ்க் கோர்ட்டில் ஜயித்து மேல்முறையீட்டில் தோற்றாள். பாதிக் களத்தில் பழகிய பெண்கள் கல்லூரி ஆட்டத்துக்குத் தயாராக வருவதில்லை என்று பேட் விடாமல் வாதாடினார். 1979-இல் அந்த மாகாணப் பள்ளிகள் முழுக்கள ஆட்டத்துக்கு மாறின. கோர்ட்டில் தோற்றது கொட்டிலில் ஜயித்தது என்று சொல்லலாம்.

வெற்றிகளின் ஜாப்தா நீளமானது. பலமுறை இறுதிக் கட்டம் வரை வந்து திரும்பிய பிறகு, 1987-இல் முதல் தேசிய விருது. அப்புறம் 1989, 1991. 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று. கடைசியாக 2007, 2008 - ஆக எட்டு. 1997-98 பருவத்தில் ஆடிய 39 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. மொத்தம் 1098 வெற்றி, 208 தோல்வி. அவர் ஓய்வு பெற்ற நாளில் கல்லூரிக் கூடைப்பந்தில், ஆண்களிலும் பெண்களிலும், அவ்வளவு வெற்றி கண்ட பெரிய சர்வகலாசாலைப் பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை. பெண்களில் அந்தக் கணக்கை ஸ்டான்ஃபோர்டின் டாரா வாண்டர்வீர் தாண்டியது 2020-இல்தான்.

கண்டிப்பு? அதற்குக் குறைவே இல்லை. நீலக் கண்களால் அவர் ஒரு பார்வை பார்த்தால் கொட்டை எழுத்தில் தந்தி வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில், இரவு விருந்தாடிவிட்டு வந்த பெண்களை மறுநாள் ஓட ஓட விரட்டினார். வாந்தி எடுக்க வசதியாகக் களத்தின் நான்கு மூலைகளிலும் குப்பைத்தொட்டி வைத்துவிட்டுத்தான் விரட்டினார்! இதைப் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. பெண்களைக் கோட்டுக்குள் அடைத்த கொடுமைக்குப் பதில் இன்னொரு கொடுமையா என்று தோன்றியது. ஆனால் அவருடைய மாணவிகளின் கதைகள் அந்தச் சந்தேகத்தை அப்படியே நிற்கவிடவில்லை. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்காரவேண்டும், காரணமின்றி மட்டம் போடக்கூடாது என்பவையும் அவர் விதிகளே. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த மாணவிகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். டமிக்கா காட்சிங்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே காது மந்தம்; பிள்ளைகளின் கேலிக்கு அஞ்சிச் சிறுவயதில் காதுக் கருவியைக் கழற்றி எறிந்தவள். அதை மீண்டும் மாட்டிக்கொள்ளவும், தன் குறையைப் பற்றி நாலுபேர் முன் பேசவும் அவளைத் தூண்டியவர் இந்தக் கடுமைக்காரர்தாம். வெயில் சுடுகிறது என்பது உண்மை. நெல் விளைவதும் அந்த வெயிலில்தான்.

2011 கோடையில், 59-வது வயதில், அவருக்கு இளவயது அல்ஸைமர் நோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள். ஞாபகத்தைச் சிறுகச் சிறுகத் தின்னும் நோய். அதற்கு முந்திய பருவத்திலேயே, ஆட்டத்தின் நடுவில் எந்த உத்தியைச் சொல்வது என்று தடுமாறும் நிமிஷங்கள் அவருக்கு வந்திருந்தன. அவர் மறைக்கவில்லை. ஆகஸ்டு மாதம் ஊரறியச் சொன்னார். சொல்லிவிட்டு, இன்னும் ஒரு பருவம் களத்தோரம் உட்கார்ந்தார். உதவியாளர்கள் பாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 27 வெற்றி, 9 தோல்வியோடு அது முடிந்தது. 2012 ஏப்ரலில், தம்மிடம் ஆடிப் பிறகு துணையாக நின்ற ஹாலி வார்லிக்கிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 2016 ஜூன் 28-இல், 64-வது வயதில் காலமானார்.

நான் முதலில் சொன்ன நம்ப முடியாத முடிவு இதுதான். எதையும் மறக்காதே என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தவருக்கே மறதி வந்தது. ஆனால் விதியை நினைத்துப் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆசிரியரின் ஞாபகம் அவர் மூளைக்குள் மட்டுமா இருக்கிறது? டென்னஸிப் பள்ளிகளில் ஒரு சிறுமி இன்று பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி ஓடுகிறாள். அங்கே ஒரு தடை இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. அந்த மறதி ஒன்றை மட்டும் பேட் சம்மிட் மனமார விரும்பியிருப்பார்.