கடல் மீனா, ஆத்து மீனா? - சிப்காட் சாலையில் ஒரு சாப்பாட்டு வரலாறு

அக்கா பையனுக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் வளர்ந்தவன். முதுநகரில் ரூம் எடுத்துவிட்டு போன் பண்ணினான். "மாமா, இங்க எங்க சாப்பிடலாம், எங்க சாமான் வாங்கலாம்? நல்ல இடமா ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க."

பத்து நிமிஷ வேலை என்றுதான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதப் போனேன். அங்கேதான் வினை. லிஸ்ட் நின்றுபோய் ஊர்க்கதை ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பியாச்சு. மிச்சம் இங்கே.

வாங்க

கடலூருக்குப் புதுசா வர்றவங்க முதல்ல குழம்புறது, இது ஒரு ஊரா மூணு ஊரா என்பதில்தான். கோயிலைச் சுற்றி வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூர். கச்சேரியும் கலெக்டர் பங்களாவுமாக வளர்ந்தது மஞ்சக்குப்பம். துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தது முதுநகர், பழைய ஆளுங்க வாயில் 'ஓ.டி.' மூன்றுக்கும் தனித்தனிக் கடைத்தெரு, தனித்தனிக் குணம்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரம் இருக்கிறது. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அந்த எல்லைக்குள் இருக்கும் நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? மெட்ராஸிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டான். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றைக்கும் பஸ் போர்டில் இருக்கிறது. 1746-ல் மெட்ராஸைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். கோட்டை போனது, கடைத்தெரு நின்றது.

காய்கறிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட், இல்லையென்றால் முதுநகர் பக்தவத்சலம் மார்க்கெட். ஒன்றுக்கு வெள்ளைக்காரப் பெயர், இன்னொன்றுக்கு முதலமைச்சர் பெயர். ரெண்டிலும் நடைபாதையில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் கிராமத்து அம்மாக்களிடம் வாங்குவது என் பழக்கம். அங்கே "வேர்க்கடலை" என்று கேட்டால் உங்களை வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பேச்சு தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிருச்சு. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு, தென்னாற்காட்டுப் பேச்சில் வந்து கரைந்திருக்கிறது. பண்ருட்டி முந்திரியும் அப்படித்தான். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். பண்ருட்டிப் பலா மட்டும் நம்ம மண்ணுக்கே உரியது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரையேறியபோது இந்தப் பலாவும் முந்திரியும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. இப்போது நீங்கள் வாங்கும் முந்திரியில் ஒரு பங்கு, அதற்குப் பிறகு நட்ட கன்றுகளின் காய்ப்பு.

திங்கட்கிழமை லீவு கிடைத்தால் காராமணிக்குப்பம் சந்தைக்குப் போகணும். நெல்லிக்குப்பம் போகிற சாலையில் இருக்கிறது. கருவாட்டுக்குப் பேர்போன சந்தை. பையில் சுற்றி எடுத்து வந்தாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது வேற விஷயம்.

மீன்

இனிமேல்தான் லிஸ்ட் எனக்குக் கஷ்டமானது.

கூடலூர் என்பதே கடலூர் ஆனது என்பார்கள். ஆறுகள் கூடுகிற இடம். கெடிலமும் உப்பனாறும் முதுநகர் பக்கம் கடலைத் தொடுகின்றன. துறைமுகத்தில் விடிகாலை படகு வந்து சேர்ந்ததும் ஏலம் நடக்கும். வஞ்சிரம், சங்கரா, மத்தி, நெத்திலி என்று அன்றைக்குக் கடல் கொடுத்தது எல்லாம் வரும். போய்ப் பாரு, வாங்காட்டியும் பரவாயில்லை என்று பையனுக்கு எழுதினேன்.

ஆனால் என் சின்ன வயசில் எங்கள் வீட்டில் கடல் மீன் ரெண்டாம்பட்சம். ஆத்து மீனுக்குத்தான் மரியாதை. உப்பனாற்றுக் கழிமுகத்து மடவை, கெளுத்தி, இறால், நண்டு. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கிற இடத்து மீனுக்கு ருசி தனி என்று பாட்டி சொல்லும். கூடைக்காரம்மா வாசலில் நின்று "ஆத்து மீனு" என்று குரல் கொடுத்தால் விலை ஒரு படி மேலே.

இன்றைக்கு அதே தெருவில் நீங்கள் கேட்கும் குரல் வேறு. வாங்குபவர் கேட்கிறார்: "கடல் மீனா, ஆத்து மீனா?" விற்பவர் அவசரமாகச் சொல்கிறார்: "கடல் மீனுதாம்மா, பயப்படாத வாங்கு." ஒரு தலைமுறைக்குள் பெருமையாகச் சொன்ன வார்த்தையை மறைத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நடுவில் நடந்தது சிப்காட். தமிழ்நாடு அரசு தொழில் வளர்ச்சிக்காக 1971-ல் தொடங்கிய நிறுவனம் அது. கடலூர்த் தொழிற்பேட்டை 1980-களின் தொடக்கத்தில், சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே, சுமார் 500 ஏக்கரில் எழுந்தது. ரசாயனம், மருந்து மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து மாதிரியான தொழில்கள். குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம் என்று சுற்றிலும் ஏற்கெனவே ஊர்கள் இருந்தன. விவசாயம் பார்த்தவர்களும் ஆற்றில் வலை போட்டவர்களும்.

2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் 'மிக மோசமாக மாசடைந்த பகுதி.' கடலூருக்கு 77.45. பரீட்சையில் இந்த மார்க் வாங்கியிருந்தால் சாக்லேட் கொடுத்திருப்போம்.

அதற்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் தாங்களாகவே கணக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். 2004 வாக்கில் கிராமத்து ஆட்கள் பயிற்சி எடுத்து, பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன வாடை என்று நோட்டில் எழுதினார்கள். அந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசும்போது நான் கவனித்த ஒன்று: வாடையைச் சொல்ல அவர்களிடம் ரசாயனப் பெயர் கிடையாது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, பழம் புளிச்ச மாதிரி என்று சாப்பாட்டை வைத்துத்தான் சொல்வார்கள். மூக்குக்குத் தெரிந்த மொழி அடுப்படி மொழிதானே.

குடிக்க

சிப்காட் பக்கம் டீக்கடைகள் ஷிஃப்டைப் பார்த்து நடக்கின்றன. காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போனால் ஒரு கூட்டம் தூக்கத்தோடும் இன்னொரு கூட்டம் களைப்போடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். எனக்குப் பிடித்த கடை சாலையோரத்தில் ஒரு அக்கா நடத்துவது. டீயோடு மசால் வடை. புதுசா யாராவது வந்து டீயைக் கையில் வாங்கி ஒரு நொடி தயங்கினால், அக்கா கேட்கும் முன்னாலேயே மூலையில் இருக்கும் கேனைக் காட்டும். "கேன் தண்ணிதாம்பா."

அந்தக் கடைக்குப் பின்னாலேயே ஒரு கைப்பம்பு நிற்கிறது.

இதில் ஒரு கொடுமை உண்டு. இந்த மண்ணுக்குக் கீழே இருப்பது சாதாரணத் தண்ணீர் இல்லை. 'கடலூர் மணற்கல்' என்று புவியியலாளர்கள் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் பாறை அடுக்கு, தமிழ்நாட்டின் பெரிய நிலத்தடி நீர்ச்சுரங்களில் ஒன்று. நெய்வேலியில் 1956-ல் நிறுவனம் தொடங்கிப் பழுப்பு நிலக்கரி எடுக்கப் போனபோது பெரிய தடையே தண்ணீர்தான். கீழேயிருந்து அழுத்தத்தோடு பீறிடும் ஊற்றை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். இந்தப் பக்கம் சோழர் காலத்து வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாயில் சென்னைக்குத் தண்ணீர் போகிறது. தண்ணீரை வெளியே அனுப்புகிற மாவட்டத்தில், சாலையோர டீக்கு விலைத் தண்ணீர்.

'அந்த'க் குடியைக் கேட்பவர்களுக்கும் ஒரு வரி வரலாறு. கடலூரிலிருந்து வடக்கே தென்பெண்ணையைத் தாண்டினால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டு மிச்சம் வைத்த கோடு. 1948 முதல் 1971 வரை இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் இல்லை. பாலத்தில் மாலை நேர நடமாட்டத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பையனுக்கு இந்த வரியை அனுப்பவில்லை. அக்கா போனை எடுத்துப் பார்க்கும்.

சாப்பிட

ஞாயிற்றுக்கிழமை என்றால் சிதம்பரம் சாலையைப் பிடித்துத் தெற்கே போகணும். ஆலப்பாக்கம் தாண்டினால் புதுச்சத்திரம். பெயரிலேயே ஓட்டல் இருக்கிறது. ஓட்டல்கள் வருமுன் வழிநடைக்காரர்களுக்குச் சோறும் திண்ணையும் கொடுத்தவை சத்திரங்கள்தான். கொஞ்சம் தள்ளிப் பிரியும் பாதை பரங்கிப்பேட்டைக்குப் போகிறது. போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். 1781 ஜூலை 1-ம் தேதி ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியது இங்கேதான். எனக்கு அதைவிடச் சுவாரசியம், நாம் பரங்கிக்காய் என்று சொல்லும் காயிலும் அதே பரங்கியர் ஒட்டிக்கொண்டிருப்பது.

சிதம்பரத்தில் கொத்சு. நடராஜருக்குச் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் நைவேத்தியம். தேர் ஓடும் நாலு வீதிகளில் இருக்கும் பழைய ஓட்டல்களில் அதையே இட்லிக்கு ஊற்றுகிறார்கள். காலை எட்டரைக்குள் போனால்தான் சட்டியில் மிச்சம் இருக்கும். சம்பா சாதத்தின் காரம் மிளகு, இந்த நாட்டுச் சரக்கு. கொத்சின் காரம் மிளகாய், கப்பலில் வந்த சரக்கு. ரெண்டும் ஒரே இலையில் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கின்றன.

காசில்லாத மாசக் கடைசிக்கு வடலூர். 1867 மே 23-ம் தேதி வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அன்றைக்கு மூட்டிய அடுப்பு அணையவில்லை. யார் நீ, எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாவட்டத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சாப்பாட்டு இடம் அதுதான்.

லிஸ்ட்டை முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பீரங்கி, கப்பல், கோயில் எல்லாம் எங்கள் சாப்பாட்டில் ஏதோ ஒரு பண்டத்தைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கின்றன. சிப்காட் எதையும் கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் டீக்கடைகளையும், அந்தக் கடைகளை நடத்தும் குடும்பங்களையும், இப்போது என் அக்கா பையனின் சம்பளத்தையும் அதுதான் கொடுத்திருக்கிறது. ஆனால் தட்டில் அது சேர்த்தது ஒரு கேள்வி. இது எந்தத் தண்ணி?

பையனுக்கு மட்டும் கடைசியாக ஒன்று எழுதினேன். "ஓட்டல்ல அந்தக் கேள்வியைக் கேட்டு அக்காவைச் சங்கடப்படுத்தாத. அவங்க கேன் காசு கைக்காசு. நீ வேலை பார்க்கிற இடத்துல, தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போகுதுன்னு கேளு. நீ உள்ள இருக்கிற ஆளு, உன்னால கேட்க முடியும்."

ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாம் நாள் ஒரு போட்டோ வந்தது. துறைமுக ஏலம், ஒரு கூடை சங்கரா. கீழே ஒரு வரி: "கடல் மீன்தான் மாமா, கேட்டுட்டேன். இன்னொன்னு இன்னும் கேக்கல."