அனுமதிக்கப்பட்ட பட்டு

பெயரிலேயே ஒரு சட்டத்தைச் சுமந்து நிற்கும் துணிகள் மிகச் சிலவே. குஜராத்தின் பாடன், மாண்ட்வி ஆகிய ஊர்களின் கைத்தறிகளில் நெய்யப்பட்டு வரும் 'மஷ்ரூ' அவற்றுள் ஒன்று. 'அனுமதிக்கப்பட்டது' என்பதே இவ்வரபுச் சொல்லின் பொருள்.

அனுமதி ஏன் தேவைப்பட்டது? இசுலாமிய நெறி பட்டாடையைப் பெண்களுக்கு இசைந்தது, ஆண்களுக்கு விலக்கியது. தோல் அரிப்பால் வருந்திய தோழர் இருவருக்கு நபிகள் நாயகம் விதிவிலக்கு அளித்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. ஏனையோருக்குத் தறியே வழி கண்டது.

மஷ்ரூவில் பாவு பட்டு, ஊடை பருத்தி. ஒவ்வொரு பட்டிழையும் பல ஊடை இழைகளின் மேலாகச் சென்று, ஒன்றன் கீழ் மட்டும் நுழைந்து எழும். எனவே வெளிப்புறத்தில் பட்டு மின்னும். உடலைத் தொடும் உட்புறத்தில் பருத்தி படியும். ஊடை மேலே தெரியாமையால் நெசவாளரின் வண்ணங்களுக்குப் பாவு ஒன்றே களம். அதில் அவர் அடுக்கும் நிறங்களே நெடுங்கோடுகளாக ஓடுகின்றன. கோடுகள் இத்துணியின் அழகு மட்டுமல்ல, அதன் நெசவுமுறையின் விளைவும் ஆகும்.

இது சட்டத்தை ஏய்க்கும் தந்திரம் அன்றோ என்று கேட்கத் தோன்றும். 12-ஆம் நூற்றாண்டின் ஹனஃபி சட்ட அறிஞர் மர்கீனானி, தமது 'ஹிதாயா' நூலில் இத்தகைய ஆடையை ஆராய்கிறார். நூலைத் துணியாக்குவது நெசவு. நெசவை நிறைவாக்குவது ஊடை. ஆகவே துணியின் தன்மையை முடிவுசெய்வதும் ஊடையே என்பது அவர் வாதம். கண்ணைக் கவரும் இழையைக் கொண்டன்று, மறைந்திருந்து பிணைக்கும் இழையைக் கொண்டே தீர்ப்பு அமைந்தது. ஆட்டு மயிரும் நார்நூலும் கலந்த ஆடையை நமது இணைச்சட்ட நூல் விலக்கியதை இங்கு நினைவுகூரலாம். அங்கே கலப்பு தடையாயிற்று. இங்கே கலப்பே வழியாயிற்று.

மஷ்ரூ உதுமானியப் பேரரசு வரை விலைபோயிற்று. அச்சட்டத்திற்கு உட்படாத கட்ச் பகுதி இந்துப் பெண்களும் அதை இரவிக்கையாகவும் பாவாடையாகவும் விரும்பி அணிந்தனர். 20-ஆம் நூற்றாண்டில் விலைமிக்க பட்டின் இடத்தை ரேயான் பெருமளவு பிடித்துக்கொண்டது. பட்டு நீங்கியபின் அனுமதிக்குத் தேவையில்லை. ஆயினும் பெயர் மாறவில்லை.

மஷ்ரூவைக் கையில் எடுப்போர் அதன் பளபளப்பைப் பார்ப்பது இயல்பே. ஒரு முறை புரட்டி அதன் உட்புறத்தையும் பார்த்தல் நன்று. இறையச்சமுள்ள ஒருவரின் மனச்சான்றை மதித்து ஒரு நெசவாளர் இட்ட எளிய பருத்தி அங்கே இருக்கிறது.