பணியும் பதிவேடும்: தமிழக நாட்டு நாயினங்களின் பழக்கம், ஓட்டம், பேணல் குறித்த வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழகத்து நாட்டு நாய்களைப் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றை இரு வகையாகப் பகுக்கலாம். ஒரு வகை, அவற்றின் தொன்மையையும் வீரத்தையும் போற்றுவது. மற்றொன்று, உயரம், நிறம், காதின் அமைப்பு முதலிய உடற்கூறுகளைப் பட்டியலிடுவது. நாயை வளர்த்தோர் அதனை எவ்வாறு பழக்கினர், எங்கே ஓடவிட்டனர், எதனை உண்ணக் கொடுத்தனர், எந்தக் குட்டியை வைத்துக்கொண்டு எதனைக் கழித்தனர் என்னும் செய்திகள் இவ்விரண்டிலும் அரிதாகவே இடம்பெறுகின்றன. நாயினம் ஒன்றை உருவாக்குவன இச்செய்திகளே. தமிழக நாயினங்கள் அவை செய்த பணியால் உருப்பெற்றவை என்பதையும், பணி நீங்கிய பின்னர் தோற்றத்தை மட்டும் காக்கும் முயற்சி அவற்றுக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்பதையும் நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. ஒப்பீட்டுக்காகப் பிரித்தானியாவின் மந்தை நாய்களும் கலிபோர்னியாவின் ஓட்ட நாய்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. இலக்கியமும் நடுகல்லும் காட்டும் பணிநாய்

சங்க இலக்கியம் நாயை அதன் தொழிலோடு சேர்த்தே காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பசும்புதர்களை நாய்களைக் கொண்டு கலைத்து, வலைகளைத் தொடுத்து மாட்டி, முயல்கள் தப்பாதபடி வளைக்கின்றனர். இங்கு நாயின் பணி விலங்கைப் பிடிப்பது அன்று. மறைவிடத்திலிருந்து வெளியேற்றி வலையை நோக்கிச் செலுத்துவது. மலைபடுகடாமிலோ பெட்டைநாய் விரட்டிக் கொணர்ந்த தசை விருந்தினருக்கு இடப்படும் உணவில் சேர்கிறது. புதரைக் கலைக்கும் நாய், துரத்திப் பிடிக்கும் நாய் என இரு வேறு பணிகளை இப்பாடல்கள் வேறுபடுத்திக் காண்கின்றன. அவ்விரு பணிகளுக்கும் வேண்டிய உடலும் குணமும் ஒன்றல்ல.

பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் ஓடி இளைத்த நாயின் நாவை மகளிரின் சிற்றடிக்கு உவமையாக்குகின்றன. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரிதும் நாவின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே தணித்துக்கொள்கிறது. கடும் ஓட்டத்திற்குப் பின் நா அகன்று சிவந்து தொங்குவது அதனால்தான். இவ்வுவமை இரு நூல்களில் வருவது, ஓடும் நாயை அணுகி நின்று கண்ட ஒரு சமூகத்தின் பட்டறிவைப் புலப்படுத்துகிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கண்டறியப்பட்ட நடுகல் மற்றொரு பணியைக் காட்டுகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கும் போரில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. பெயரும் செயலும் ஒருசேரக் கல்லில் பொறிக்கப்பெற்ற இந்நாயின் நிறத்தையோ குலத்தையோ கல்வெட்டு குறிப்பிடவில்லை. நினைவுகூரத் தக்கதாகக் கருதப்பட்டது அது ஆற்றிய காவலே.

3. ஊர்ப்பெயர் பெற்ற இனங்கள்

இன்று பரவலாக அறியப்படும் தமிழக நாயினங்களுள் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய மூன்றும் ஊர்ப்பெயரால் வழங்குகின்றன. முதலிரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. கோம்பை தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. நான்காவதான கன்னி, தென்மாவட்டங்களின் கரிசல் வட்டாரத்தில் வளர்க்கப்படுவது.

இவ்வினங்களின் உடலமைப்பை அவை வாழ்ந்த நிலம் விளக்குகிறது. கரிசல் காடு மரம் குறைந்த திறந்த வெளி. அங்கே முயல் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தென்படும். ஓடத் தொடங்கிவிட்டால் அதனை விரைவால் மட்டுமே வெல்லலாம். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய பார்வை ஆகியன அமைந்தமை இதனாலேயே. கோம்பையோ மலையடிவாரத்து நாய். புதரும் பாறையும் நிறைந்த இடத்தில் காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்பதற்கு விரைவைக் காட்டிலும் உடற்கட்டும் கடிவலிமையும் வேண்டும். அதன் அகன்ற தலையும் கருத்த வாய்ப்பகுதியும் செந்நிற உடலும் அவ்வட்டாரத்தில் இன்றும் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. உருவில் பெரிய இராசபாளையம், வேட்டையோடு பண்ணைகளையும் வீடுகளையும் காக்கும் பணிக்கும் பயன்பட்டது.

பழக்கும் முறையும் பணிக்கேற்ப வேறுபட்டது. கண்ணால் கண்டு துரத்தும் நாய்க்குத் துரத்தலைக் கற்பிக்க வேண்டியதில்லை. அது பிறவியிலேயே அமைந்த இயல்பு. கற்பிக்க வேண்டியன வேறு சில: வாரில் கட்டிச் செல்லும்போது அமைதி காத்தல், அவிழ்த்துவிடும் வரை பொறுத்தல், ஆட்டையும் கோழியையும் தொடாதிருத்தல், பிடித்ததைத் தின்றுவிடாமல் ஆளுக்கு விடுதல். இளநாயைத் தேர்ந்த முதுநாயோடு சேர்த்து வெளியே கொண்டுசென்று இவற்றைப் பழக்குவதே நாட்டு வழக்கு. கம்பு, கேழ்வரகு ஆகியவற்றின் கூழே முதன்மை உணவாக இருந்தது. ஒரே ஈத்துக் குட்டிகளுள் ஓட்டத்திலும் துணிவிலும் சிறந்தது வைத்துக்கொள்ளப்பட்டது. எழுத்தில் பதிவேடு இல்லாதபோதும் இன்ன நாயின் வழிவந்தது இது என்னும் நினைவு ஊராரிடம் இருந்தது. தெரிவின் அளவுகோல் காட்டில் நிகழ்ந்த ஓட்டமே.

4. 1873: இரு அளவுகோல்களின் பிரிவு

நாயினத்தைத் தோற்றத்தால் வரையறுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அண்மைக்காலத்ததே. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. வம்சாவளிப் பதிவேடும், காட்சி மேடையில் உடலமைப்பைக் கொண்டு தீர்ப்பளிக்கும் முறையும் அதன் வழியாக ஒழுங்குபெற்றன. அமெரிக்கன் கென்னல் கிளப் 1884இல் தோன்றியது. இந்தியாவிலும் ஆங்கிலேயர் இம்முறையை அறிமுகப்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டில் உதகை வேட்டைக் கழகத்தார் நீலகிரியின் வென்லாக் புல்வெளிகளில் நரி வேட்டைக்கென இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களை வரவழைத்தனர். அதே காலத்தில் சமவெளியில் ஓடிக்கொண்டிருந்த நாட்டு நாய்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

கென்னல் கிளப் தோன்றிய அதே 1873ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் பாலா என்னும் ஊரில் மந்தை நாய்களுக்கான பிரித்தானியாவின் முதல் பணிப்போட்டி நடைபெற்றது. ஆடுகளைத் தொலைவிலிருந்து திரட்டி, அஞ்சிச் சிதறாதபடி ஓட்டிவந்து பட்டியில் அடைப்பதே அங்கு மதிப்பிடப்பட்டது. நாயின் அழகுக்கு இடமில்லை. 1906இல் பன்னாட்டு மந்தைநாய்ச் சங்கம் இம்மரபின்மேல் எழுந்தது. முறையான வம்சாவளி இல்லாத நாயையும் அதன் பணித்திறனைச் சோதித்தறிந்து பதிவேட்டில் சேர்க்கும் வழியை அச்சங்கம் வகுத்துள்ளது. பார்டர் கோலி எனப்படும் இந்நாயை 1995இல் அமெரிக்கன் கென்னல் கிளப் காட்சி இனமாக ஏற்றபோது, பணிநாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தனர். காட்சி மேடை ஒரே தோற்றத்தை வேண்டும் என்றும், அதனால் காலப்போக்கில் மந்தை மேய்க்கும் அறிவு மங்கும் என்றும் அவர்கள் அஞ்சினர். கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் அலமீடா மாவட்டக் கண்காட்சித் திடலில் நடைபெறும் ஸ்காட்லாந்து மலைநாட்டு விளையாட்டு விழாவில் மந்தை நாய்களின் பணித்திறன் இன்றும் மக்கள் முன் காட்டப்படுகிறது. புலம்பெயர்ந்த ஒரு சமூகம் தன் நாட்டு நாயின் தொழிலையும் பண்பாட்டு மரபாகப் பேணுவதற்கு இது சான்று.

5. 1972: வேட்டையின் முடிவும் அதன் விளைவும்

இந்தியாவில் 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களுக்கும் முடிவு கட்டியது. அருகிவரும் விலங்குகளைக் காக்க இது தேவையான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. எனினும் முயலையும் பன்றியையும் அளவுகோலாகக் கொண்டு தெரிவு செய்யப்பட்டுவந்த நாயினங்கள் இதனால் தம் அளவுகோலை இழந்தன. அவற்றுக்கு எஞ்சியவை காவல் பணியும் காட்சி மேடையும் விற்பனையுமே.

அரசும் நிறுவனங்களும் இவ்வினங்களை மறக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு அமைந்தது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையம் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலாகப் பதிவுசெய்த மூன்று நாயினங்களுள் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் இரண்டு. மூன்றாவது கருநாடகத்து முதோல். 2020 ஆகத்து மாதம் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாயினங்களைப் பெயர் சுட்டிப் பாராட்டினார்.

இம்முயற்சிகளுக்கு இடையே மறுபக்கமும் உண்டு. சைதாப்பேட்டைப் பிரிவில் நாய்கள் பேணப்பட்ட முறை குறித்து விலங்குநல அமைப்புகள் முறையிட்டதைத் தொடர்ந்து, அதனை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. நாய் வளர்ப்பையும் விற்பனையையும் நெறிப்படுத்த நடுவணரசு 2017இல் தனி விதிகளை வெளியிட வேண்டியதாயிற்று. கூண்டில் பெருக்கப்படும் ஓட்ட நாய் உருவில் சிப்பிப்பாறையாக இருக்கலாம். அது ஓடவல்லதா என்பதை அறியும் வாய்ப்பு கூண்டில் இல்லை.

6. வெண்மையின் விலை

தோற்றத்தை மட்டும் தெரிவு செய்வதன் இடரை இராசபாளையம் நாயிடத்துத் தெளிவாகக் காணலாம். பால்வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இவ்வினத்தின் தூய்மைக்கு அடையாளங்களாகச் சந்தையில் மதிக்கப்படுகின்றன. இவ்வினக் குட்டிகளிடையே செவிட்டுத்தன்மை மிகுதி என்பதும் வளர்ப்போர் நன்கறிந்ததே. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உயிரணுக்கள் உட்செவியிலும் உள்ளன. நத்தைக் கூட்டெலும்பின் நீர்ச்சமநிலையைக் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. அவை இல்லாதபோது, பிறந்த சில வாரங்களில் செவியின் உணர்மயிர் அணுக்கள் சிதைந்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஆராயப்பட்ட டால்மேஷியன் நாய்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு செவியோ இரு செவிகளுமோ கேளாதிருந்தன.

காவலுக்கு நிற்கும் நாய்க்குச் செவியே முதற்கருவி. காவல் உண்மையான பணியாக இருந்தவரை, அழைப்புக்குத் திரும்பாத குட்டியை வளர்ப்போர் எளிதில் அடையாளம் கண்டு இனப்பெருக்கத்திலிருந்து விலக்க முடிந்தது. நிறம் விலையைத் தீர்மானிக்கும் சந்தையில் அக்குறை மறைக்கப்படலாம். ஒரு செவி மட்டும் கேளாத நாயை வெறும் நோக்கால் கண்டறிதலும் இயலாது. மூளைத்தண்டின் மின் எதிர்வினையை அளக்கும் செவிச்சோதனை இதற்குத் தீர்வு. 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மரபைக் கொண்ட தமிழகத்தில், இச்சோதனையை இனப்பதிவின் முன்தேவையாக்குவது இயலாத செயல் அன்று.

7. உயிர்ப்பலியற்ற ஓட்டம்

வேட்டை நீங்கினால் ஓட்டமும் நீங்கியே ஆக வேண்டுமா என்னும் வினாவுக்குக் கலிபோர்னியா ஒரு விடை தருகிறது. அங்குக் காட்டுமுயலைத் திறந்த வெளிகளில் நாய்களைக் கொண்டு துரத்தும் வழக்கம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் லைல் கில்லெட் என்பாரும் பிற ஓட்டநாய் வளர்ப்போரும் அதற்கு மாற்றாகப் பொய்யிரை ஓட்டத்தை வகுத்தனர். நிலத்தில் பதித்த கப்பிகளின் வழியே மோட்டாரால் இழுக்கப்படும் கயிற்றில் வெண்ணிற நெகிழித்தாள் கட்டப்படும். முயல் திரும்புவது போலவே அது வளைந்து திரும்பி ஓடும். நாய்கள் கண்ணால் கண்டு துரத்தும். அமெரிக்க ஓட்டநாய்க் களச் சங்கம் 1972இல், அதாவது இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டில் தோன்றியது. விரைவு, சுறுசுறுப்பு, தாங்குதிறன், இரையை விடாது பின்தொடர்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் வழங்கும் முறையை அச்சங்கம் கடைப்பிடிக்கிறது.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இம்முறை பெரிதும் பொருந்தும். இதற்கு எவ்வுயிரும் பலியாக வேண்டியதில்லை; கரிசல் வட்டாரத்துத் தரிசு நிலமே களமாகப் போதும். வெயிலேறுமுன் விடியற்காலையில் ஓடவிடுதல், ஓட்டத்திற்குப் பின் மூச்சு தணியும் வரை நடத்திச் செல்லுதல், வளர்ச்சி முற்றாத இளநாயைக் கடும் திருப்பங்களில் ஈடுபடுத்தாதிருத்தல் ஆகியன இவ்வகை ஓட்டத்தின் அடிப்படை நெறிகள்.

8. முடிவுரை

தமிழக நாயினங்கள் வேட்டையாலும் காவலாலும் உருப்பெற்றவை. பாட்டிலும் கல்லிலும் அவை பெற்ற இடம் அவற்றின் செயலால் வந்தது. வேட்டை சட்டத்தால் நின்றது முறையே. அதன் இடத்தில் வேறொரு அளவுகோலை வைக்காமல் நிறத்தையும் உயரத்தையும் மட்டும் அளப்பது குறைபாடு. இனப்பதிவோடு செவிச்சோதனையும் ஓட்டச்சோதனையும் இணைதல் வேண்டும். பதிவேட்டில் இடம்பெறாத நாயும் திறனால் தேறினால் ஏற்கப்படுதல் வேண்டும். இவற்றுக்கு முன்பாகச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வேட்டைக்கு நாய் பழக்கிய கடைசித் தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். குட்டியைத் தெரிவு செய்யும் குறிகள், பழக்கும் ஒலிகள், உணவு, மருந்து, நிறத்திற்கும் நடைக்கும் உரிய சொற்கள் ஆகியவற்றை அவர்தம் வாய்மொழியில் பதிவுசெய்தல் தமிழியல் ஆய்வின் கடமையாகும். நாயைக் கூண்டில் காக்கலாம். அதனை நாயினமாக்கிய அறிவு அதனை வளர்த்தோரிடம் மட்டுமே உள்ளது.