வெள்ளைச் சேனை – 5: மீன் சந்தை மைதானம்

அசாட்டு பா கென்னத் எழுந்து நின்றதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

2002ஆம் ஆண்டு. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் புனித பேதுரு லூத்தரன் தேவாலயம். போர் நிற்க வேண்டும் என்று ஜெபிக்கக் கூடியிருந்த கிறிஸ்தவப் பெண்களுக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் முஸ்லிம். அதிலும் காவல்துறை அதிகாரி. உளவு பார்க்க வந்தவரோ என்று நீங்கள் சந்தேகப்பட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு. இந்த அமைதி முயற்சி எங்களுக்கும் உரியது, இதை எங்கள் முஸ்லிம் பெண்களிடமும் கொண்டுபோகிறேன் என்றார். தேவாலயம் 'அல்லேலூயா' என்று முழங்கியது.

முழக்கத்தோடு காரியம் முடிந்திருந்தால் இந்தத் தொடருக்கு இத்தனை அத்தியாயங்கள் தேவைப்பட்டிருக்காது. இரு தரப்புக்கும் நடுவே பிணங்கள் கிடந்தன.

1990 ஜூலையில் இதே தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 600 பேரை, அன்றைய அதிபர் சாமுவேல் டோவின் ராணுவம் ஒரே இரவில் கொன்று தீர்த்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கியோ, மானோ இனத்தவர். டோவின் கூட்டாளிகள் என்று பெயர் வாங்கியிருந்தவர்கள் மாண்டிங்கோ முஸ்லிம்கள். டோவை எதிர்த்துக் கிளம்பிய சார்லஸ் டெய்லரின் ஆட்கள் மாண்டிங்கோக்களைத் தேடித் தேடி வேட்டையாடினார்கள். டோ கொல்லப்பட்டார். 1997 தேர்தலில் டெய்லர் அதிபரானார். இரண்டே ஆண்டுகளில் அவரை வீழ்த்த வடக்கிலிருந்து புதிய போர் வெடித்தது. அதை நடத்திய 'லூர்ட்' கிளர்ச்சிப் படையில் யார் அதிகம்? மாண்டிங்கோக்கள்.

ஆக 2002இல் மன்ரோவியாவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பார்த்தால், அவள் அண்ணன் எந்தப் பக்கம் துப்பாக்கி தூக்கியிருக்கிறானோ என்ற கேள்வி பலர் மனத்தில் ஓடும். அவளுக்கும் எதிரே இருப்பவளைப் பற்றி அதே கேள்விதான்.

சேர்ந்து வேலை செய்யலாம் என்ற பேச்சு வந்ததுமே சில கிறிஸ்தவப் பெண்கள் முகம் சுளித்தார்கள். முஸ்லிம்களோடு கைகோத்தால் நம் விசுவாசம் நீர்த்துப் போகாதா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். குண்டுக்கு யார் கிறிஸ்தவர், யார் முஸ்லிம் என்று தெரியுமா? இதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். மறுப்புச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அங்கிருந்த எல்லோருமே யாரோ ஒருவரைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர்கள்.

இந்த இரு தரப்பையும் ஒட்டவைத்தவர் லேமா போவீ. அப்போது அவருக்கு வயது 30. சமூகப் பணியாளர். லூத்தரன் சபையின் மனநலத் திட்டத்தில், போரிலிருந்து திரும்பிய சிறுவர்களோடு வேலை பார்த்தவர். நைஜீரிய வழக்கறிஞர் தெல்மா எகியோர், மேற்கு ஆப்பிரிக்க அமைதி வலையமைப்புக்குள் பெண்களுக்கென்று 'விப்நெட்' என்ற பிரிவைத் தொடங்கியபோது, அதன் லைபீரியக் கிளையை லேமாவிடம் ஒப்படைத்தார். கையில் காசு கிடையாது. துணைவரைப் பிரிந்தவர், பிள்ளைகள் வேறு. பெரிய மனிதர்கள் வீட்டுப் பெண்ணும் அல்ல.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஏனென்றால் லைபீரியாவில் பெண்கள் அமைப்புகள் அதற்கு முன்பும் இருந்தன. 1994இல் மேரி பிரவுனெல் போன்றவர்கள் 'லைபீரியப் பெண்கள் முன்னெடுப்பு' என்ற அமைப்பைத் தொடங்கி, ஆயுதங்களை வாங்கிய பிறகுதான் தேர்தல் என்று மன்றாடினார்கள். 2000இல் லைபீரியா, சியரா லியோன், கினி ஆகிய மூன்று நாட்டுப் பெண்களும் சேர்ந்து மானோ நதி அமைதி வலையமைப்பை உருவாக்கி, முட்டிக்கொண்டிருந்த அதிபர்களைச் சந்தித்துப் பேசினார்கள். அருமையான பெண்மணிகள். படித்தவர்கள். அதிபர் மாளிகையின் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள். ஆனால் சந்தையில் மிளகாய் விற்கும் பெண்ணை அந்தக் கதவுவரை கூட்டிப்போக அவர்களால் முடியவில்லை. அந்த வேலைதான் லேமாவுக்கும் அசாட்டுவுக்கும் மிச்சமிருந்தது.

செய்த விதம் எளிமையானது. வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் நேரத்தில் மசூதி வாசல். சனிக்கிழமை சந்தை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். கையில் துண்டுப் பிரசுரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட பிரசுரம். மாதக்கணக்கில் இதேதான். படம் எடுக்க ஆள் கிடையாது, பத்திரிகையில் செய்தி கிடையாது. இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மாதங்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இங்கேதான் விழுந்தது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தத்தம் அடையாளத்தைக் கழற்றிவைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் ஜெபம் அவரவருக்கு, கோரிக்கை மட்டும் பொது. அதுவும் ஒன்றே ஒன்று: உடனே போரை நிறுத்துங்கள். டெய்லர் நல்லவரா, கிளர்ச்சிக்காரர்கள் நல்லவர்களா என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கூட்டணி அன்றைக்கே இரண்டாகியிருக்கும்.

2003 ஏப்ரல். கிளர்ச்சிப் படைகள் நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துத் தலைநகரை நெருங்கிவிட்டன. தெற்கிலிருந்து 'மோடல்' என்ற இன்னொரு படையும் கிளம்பியிருந்தது. மன்ரோவியாவைச் சுற்றி அகதி முகாம்கள் நிரம்பி வழிந்தன. தெருவில் இறங்கிக் கூட்டம் போடக் கூடாது என்பது டெய்லரின் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் என்ன என்பதை லைபீரியாவில் குழந்தைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் கத்தோலிக்கத் திருச்சபையின் ரேடியோ வெரிட்டாஸ் வழியே அழைப்பு போனது. வெள்ளை உடுத்தி வாருங்கள். நகை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், தலையில் வெள்ளைத் துணி. விவிலியத்தில் எஸ்தர் ராணி தன் மக்களைக் காக்க அரசன் முன் போனாளே, அந்த நினைவு கிறிஸ்தவப் பெண்களுக்கு. முஸ்லிம் பெண்களுக்கோ தொழுகைக்கு உடுத்திப் பழகிய வெள்ளை. நகையைக் கழற்றியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. யார் வசதியானவள், யார் முகாமிலிருந்து வந்தவள் என்று பார்த்தால் தெரியாது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் இவர்களுடைய மூளை தெரிகிறது. டப்மன் சாலையில் மீன் சந்தைக்கு எதிரே ஒரு மைதானம். டெய்லரின் வீடு காங்கோ டவுனில். அலுவலகம் அதிபர் மாளிகையில். தினமும் போகும்போதும் வரும்போதும் அவருடைய வண்டி வரிசை அந்த மைதானத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

முதல் நாள் 2,000க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். லைபீரியப் பெண்களுக்கு இப்போதே அமைதி வேண்டும் என்று ஒரு பேனர். பாட்டு, ஜெபம், தொழுகை. மெய்க்காப்பாளர்களின் துப்பாக்கிகள் ஜன்னல்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வண்டி வரிசை கடந்து போனது. மறுநாளும் போனது. பெண்களும் மறுநாள் இருந்தார்கள். அதற்கடுத்த நாளும். வெயில் கொளுத்தியது, இருந்தார்கள். மழை கொட்டியது, நனைந்துகொண்டே இருந்தார்கள். விடியுமுன் முகாம்களிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தவர்களும் அதில் உண்டு.

இதற்கிடையே இன்னொன்றும் அறிவித்தார்கள். போர் நிற்கும்வரை கணவன்மாரோடு தாம்பத்தியம் கிடையாது. உலகப் பத்திரிகைகள் லைபீரியா என்ற பெயரையே அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி இந்தச் செய்தியைக் கொத்திக்கொண்டு போயின. இன்றுவரை பலருக்கு இந்தப் போராட்டத்தில் நினைவிருப்பது இது ஒன்றுதான். நடைமுறையில் அதனால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, விளம்பரம்தான் கிடைத்தது என்று லேமாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். சாதித்தது மைதானம்.

கடைசியில் டெய்லர் அழைத்தார். ஏப்ரல் 23.

மாளிகைக்கு முன்னால் 2,000 பெண்கள் கைகோத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். லேமாவை முன்னால் நிறுத்தினார்கள். எதிரே டெய்லர். சிறுவர்களுக்குப் போதை ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பியவை அவருடைய படைகள்தான். மேடையில் இருந்த அதிகாரிகளில் ஒரே ஒரு பெண், செனட்டின் இடைக்காலத் தலைவி கிரேஸ் மைனர். லேமா டெய்லரைப் பார்த்துப் பேசவில்லை. கிரேஸ் மைனரைப் பார்த்து, அவர் வழியாக அதிபருக்கு என்று சொல்லி அறிக்கையைப் படித்தார். ஓடி ஓடிச் சலித்துவிட்டோம், நிவாரணக் கோதுமைக்குக் கையேந்திச் சலித்துவிட்டோம், எங்கள் பெண் குழந்தைகள் சீரழிக்கப்படுவதைப் பார்த்துச் சலித்துவிட்டோம் என்பது அதன் சாரம். நாளைக்கு எங்கள் பிள்ளைகள் எங்களைப் பார்த்து, அப்போது நீ என்ன செய்தாய் அம்மா என்று கேட்பார்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றும் சொன்னார்.

டெய்லர் பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தார். கிளர்ச்சிக்காரர்களை நீங்களே போய்க் கூட்டிவாருங்கள் என்று சவாலையும் சேர்த்துக்கொண்டார்.

விட்டார்களா? ஒரு சிறு குழு சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனுக்குப் போனது. கிளர்ச்சித் தலைவர்கள் அங்கே ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். இங்கேதான் அசாட்டுவின் கூட்டணி கைகொடுத்தது. லூர்ட் தலைவர் செக்கு கோனே மாண்டிங்கோ முஸ்லிம். வந்திருந்தவர்கள் வெறும் தேவாலயக் கூட்டம் என்று அவரால் தள்ளிவிட முடியாது. அவரும் சம்மதித்தார்.

இடம் கானா, தலைநகர் அக்ரா. நாள் ஜூன் 4. லேமாவும் சிலரும் முன்கூட்டியே போய், அக்ராவுக்கு அருகே புதுபுராம் முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்த லைபீரிய அகதிப் பெண்களைத் திரட்டினார்கள். மைதானத்தில் பார்த்த அதே வெள்ளை உடை, அதே பேனர்.

அன்று காலை மாநாட்டு அரங்கில் ஆப்பிரிக்க அதிபர்களின் அணிவகுப்பு. கானாவின் ஜான் குஃபூர், நைஜீரியாவின் ஒபசாஞ்சோ, தென்னாப்பிரிக்காவின் தாபோ எம்பெகி. அவர்களோடு டெய்லர். அமைதிக்குத் தடை நான்தான் என்றால் விலகிக்கொள்கிறேன் என்றுகூட அவர் பேசினார். எத்தனை மாத உழைப்பு! லைபீரியா பிழைத்துவிட்டது என்று அந்தப் பெண்கள் நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

அதே நாளில் ஃப்ரீடவுனில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம். பேசியவர் டேவிட் கிரேன் என்ற அமெரிக்கர், சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர். மூன்று மாதங்களாக முத்திரையிட்டு வைத்திருந்த ஒரு குற்றப்பத்திரிகையை அவர் வெளியிட்டார். போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம், மொத்தம் 17 குற்றச்சாட்டுகள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் சார்லஸ் டெய்லர்.

கைது ஆணை கானா அரசின் கைக்குப் போய்விட்டது. டெய்லரும் கானாவில்தான் இருக்கிறார். அவரைப் பிடித்தால் நீதி கிடைக்கும். ஆனால் மன்ரோவியாவில் அவருடைய படைகள் வெறிபிடித்து இறங்கினால், மீன் சந்தை மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கதி? விட்டால் பேச்சுவார்த்தை பிழைக்குமா, அதுவும் கிடையாதா? குஃபூர் என்ன செய்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)