நீள்கொம்பு வண்டுகளின் வகைப்பாடு: கொங்கு நாட்டை முன்வைத்து

நீள்கொம்பு வண்டுகள் செராம்பிசிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. மரத்தையும் தண்டையும் உள்ளிருந்து துளைத்து வளர்பவை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 35,000க்கும் மேல், இந்தியாவில் 1,500க்கும் மேல். உணர்கொம்பு பலவற்றில் உடல் நீளத்தை எட்டும், சிலவற்றில் அதைத் தாண்டியும் போகும். அந்தக் கொம்பின் அடியை வளைத்துப் பிடித்தாற்போல் கண் அமைந்திருக்கும். பாதத்தில் ஐந்து கணு உண்டு. ஒன்று மிகச் சிறியது என்பதால் நான்குதான் கண்ணுக்குத் தெரியும்.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்துத் தோட்டக்காரர்களில் இவற்றை வண்டாகப் பார்த்தவர்கள் குறைவு, புழுவாக அறிந்தவர்கள்தான் அதிகம். மாமரமோ முருங்கையோ திராட்சையோ, எதில் ஓட்டை விழுந்தாலும் ‘தண்டுத் துளைப்பான்’ என்ற ஒரே பெயர்தான். அந்துப்பூச்சியின் புழுவும் அதில் சேர்ந்துவிடும். அந்த ஒரு பெயருக்குள் கிடப்பவற்றை இனம் பிரிக்கும் வேலை 1758இல் தொடங்கியது. கொங்கு நாட்டுக்கு மிகவும் வேண்டியிருந்த பகுதிதான் அதில் கடைசியாகவும் அரைகுறையாகவும் வந்து சேர்ந்தது.

மாவைத் துளைக்கும் பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டாவை எடுத்துக்கொள்ளலாம். சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாம்பல் நிற வண்டு. முன்மார்பில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளிகள். கையில் பிடித்தால் கிரீச்சிடும். முன்மார்பின் உள் விளிம்பை, நடுமார்பின் மேலுள்ள நுண்வரிப் பட்டையில் உரசி எழுப்பும் ஒலி அது. பெண் வண்டு பட்டையைக் கடித்துக் கீறி அதற்குள் முட்டை வைக்கிறது. பொரிந்த புழுவுக்குக் காலே கிடையாது. பழுப்புத் தலையும் கறுத்த தாடையும்தான் அதற்கு எல்லாம். அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் தோட்டக்காரர் துளையைத் தேடுவார். கம்பிக் கொக்கியை விட்டுப் புழுவை இழுத்துப்போட்டு, துளையைக் களிமண்ணால் அடைப்பார். கிரீச்சிடும் அந்த வரிப்பட்டை, காலில்லாத புழு இரண்டுமே பின்னாளில் வகைப்பாட்டுச் சான்றுகளாயின.

லின்னேயஸ் 1758இல் இந்த வண்டுகளைப் பெரும்பாலும் செராம்பிக்ஸ், லெப்டுரா, நெசிடாலிஸ் என்ற மூன்று பேரினங்களில் அடக்கினார். இன்று முந்திரியின் தண்டையும் வேரையும் துளைக்கும் வண்டு அந்த நூலிலேயே செராம்பிக்ஸ் பட்டியலில் இருக்கிறது. மா வண்டுக்கு 1775இல் பெயரிட்டவர் சுவீடனின் டி கீர். லின்னேயஸின் மாணவரான டேனிஷ் அறிஞர் ஃபேப்ரிசியஸ், வாயுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு பூச்சிகளைப் பிரித்தார். அவருக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு இருந்தது. 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் முதலானோர் திரட்டிய பூச்சிகள் அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. ஃபேப்ரிசியஸ் 1775இல் அமைத்த லாமியா என்ற பேரினத்தின் பெயர்தான் இன்று இக்குடும்பத்தின் மிகப் பெரிய கிளைக்கும் வழங்குகிறது. கருவேலின் வேரையும் சவுக்கையும் துளைக்கும் செலோஸ்டெர்னா ஸ்காப்ரேட்டர் (1781), திராட்சைக் கொடியை வளையமாகக் கடிக்கும் ஸ்தீனியாஸ் கிரிசேட்டர் (1787) இரண்டும் அவர் பெயரிட்டவை.

பிரான்சின் லாத்ரேய் 1802இல் இவற்றை ஒரு குடும்பமாகத் திரட்டினார். 1860களில் ஜேம்ஸ் தாம்சனும், அதையடுத்து லகோர்டேரும் பேரினங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். லகோர்டேர் வகுத்த பெரும்பிரிவுகள் மூன்று. முன்மார்பின் பக்கவாட்டில் கூர்விளிம்பு கொண்டவை பிரயோனஸ் கூட்டம். முகம் செங்குத்தாக இறங்கி, வாயருகே உள்ள உணர்விழையின் நுனி கூர்ந்து, முன்காலில் கொம்பைத் துடைக்கச் சாய்ந்த பள்ளம் உள்ளவை லாமியா கூட்டம். எஞ்சியவை செராம்பிக்ஸ் கூட்டம். முதலிரண்டும் தெளிவானவை. மூன்றாவதில் மிச்சம் மீதி எல்லாம் போய்த் தங்கிவிட்டன. அதை உடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பெருகியது. 1863இல் ஷெவ்ரொலா பெயரிட்டிருந்த சைலோட்ரெகஸ் குவாட்ரிபெஸ்தான் அது. சென்னை அரசின் சார்பில் மருத்துவர் ஜார்ஜ் பிடி அதை ஆராய்ந்து 1869இல் அறிக்கை வெளியிட்டார். பெயரும் பாதிப்பும் ஒரே தலைமுறையில் ஒன்றுசேர்ந்த அரிய சந்தர்ப்பம் அது.

1906இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரி கோவைக்கு இடம் மாறியது. லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சார்லஸ் ஜோசப் ககன் எழுதிய நீள்கொம்பு வண்டு நூல் ‘பிரிட்டிஷ் இந்திய விலங்கினம்’ வரிசையில் வெளிவந்தது. ஒலி எழுப்பும் பட்டை பிளவுபட்டிருக்கிறதா, முழுதாக இருக்கிறதா என்றெல்லாம் நுணுகிப் பார்த்து எழுதிய, இன்றும் பயன்படும் நூல். ஆனால் அதில் லாமியா கூட்டம் இல்லை. அடுத்த தொகுதிக்கு என்று விடப்பட்டது. அந்தத் தொகுதி வரவே இல்லை. மாவின் பட்டோசெரா, கருவேலின் செலோஸ்டெர்னா, திராட்சையின் ஸ்தீனியாஸ், பீர்க்கு புடலை வகையறாக் கொடிகளைத் துளைக்கும் அபோமெசினா, எல்லாமே லாமியா கூட்டத்தவை. காப்பி வண்டையும் முந்திரி வண்டையும் விட்டால், கொங்குத் தோட்டக்காரருக்குத் தலைவலி கொடுத்தவற்றில் பெரும்பகுதி அச்சேறாத அந்தப் பாதியில்தான் இருந்தது.

அந்த இடைவெளியைக் கோவை வேறு வழியில் நிரப்பிக்கொண்டது. இங்கே வண்டு என்ன குலம் என்பதைவிட எந்தப் பயிரில் என்பதே முதல் கேள்வி. பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் 1940ஆம் ஆண்டுக் கையேடும் பயிர்வழி அடையாளத்தை நிலைநாட்டின. காட்டு மரங்களின் பக்கம் கோவையில் 1902இல் உருவான கேஸ் வன அருங்காட்சியகம் துளைபட்ட மரங்களையும் காட்சிக்கு வைத்தது. டேராடூனில் பீசனும் பாட்டியாவும் 1939இல் இவற்றின் வாழ்க்கைமுறையைத் தொகுத்தார்கள். வெட்டிக் காயவைத்த மரத்தையும் விடாத ஸ்ட்ரொமேஷியம் பார்பேட்டம் எத்தனையோ மரவகைகளில் வளர்வது அதிலிருந்தே பரவலாகத் தெரியவந்தது. இந்தப் பயிர்வழிப் பட்டியல்களை வெறும் நடைமுறைக் குறிப்பு என்று வகைப்பாட்டு அறிஞர்கள் ஒதுக்குவதுண்டு. அது சரியல்ல, எந்த மரம் என்ற தகவல் இல்லாத மாதிரி, பாதி மாதிரிதான்.

மாதிரிகள் மட்டும் தொடர்ந்து வெளியே போயின. கோவையிலிருந்து இயங்கிய சேகரிப்பாளர் பி. சூசை நாதன், ஆனைமலையின் சின்கோனா போன்ற இடங்களில் பிடித்த பூச்சிகள் உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவர் பெயர்ச்சீட்டோடு இருக்கின்றன. லாமியா கூட்டத்துக்குப் பெயரிடுவதைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் பாரிஸில் வாழ்ந்த ஆஸ்திரியர் ஸ்டெஃபான் ஃபொன் புரோய்னிங். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சூட்டியவர். முருங்கைத் தண்டைத் துளைக்கும் டயாக்சினாப்சிஸ் அபோமெசினாய்டஸ் அவர் பெயரிட்டதே. ஒற்றை மாதிரியை வைத்துச் சுருக்கமாக எழுதிய விவரிப்புகள் அவற்றில் ஏராளம்; ஒரே இனத்துக்கு இரண்டு மூன்று பெயர் விழுந்த கதையும் உண்டு. அவர் இல்லாமல் இந்தக் கூட்டத்தைத் தொடவும் முடியாது, அவரை மட்டும் நம்பி முடிக்கவும் முடியாது.

வகைப்பாட்டை உண்மையில் திருப்பிப்போட்டது புழு. டேராடூனில் கார்ட்னரும், பின்னர் 1968இல் கீழை நாட்டு மரத்துளைப்பான் புழுக்களுக்கென்று தனி நூல் எழுதிய டஃபியும் வழி போட்டிருந்தார்கள். 1987 முதல் 1989 வரை செக் நாட்டின் ஸ்வாகாவும் ரஷ்யாவின் டானிலெவ்ஸ்கியும் புழுக்களின் தலை, வாய், கால் அமைப்பை வைத்துக் குடும்பத்தையே மறுபரிசீலனை செய்தனர். வெஸ்பெரிடே, டிஸ்டெனிடே, ஆக்சிபெல்டிடே ஆகியவை தனிக் குடும்பங்களாகப் பிரியும் நிலை வந்தது. எஞ்சிய செராம்பிசிடேயில் இப்போது எட்டுத் துணைக்குடும்பங்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மரபணு ஆய்வுகள் அந்தப் பெருங்கோடுகளைப் பலவிடங்களில் உறுதிப்படுத்தின. லாமியா கூட்டமான லாமியினேயின் உட்குலங்களைத்தான் அவை கலைத்துப் போட்டன. புரோய்னிங் காலத்துக் குலங்கள் பல, இயற்கையான உறவுக் கூட்டங்களே அல்ல.

பெயர்களும் ஓயவில்லை. முந்திரி வண்டு 1991இல் சாமா உருவாக்கிய நியோபிளோகேடெரஸ் பேரினத்துக்கு மாறியது. விவசாயக் கையேடுகளில் பழைய பிளோகேடெரஸ் இன்னும் தொடர்கிறது. இந்திய இனங்களின் புதிய பட்டியலைக் கரியண்ணாவும் இத்தாலியின் விட்டாலி உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கெனத் தனி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பட்டியல் பெயர்களைத் தரும். கையிலுள்ள வண்டு எதுவென்று படிப்படியாகக் கண்டறியும் வழியைத் தராது. பிரயோனினேவுக்கும் செராம்பிசினேவுக்கும் அதற்கு ககன் இருக்கிறார். இந்திய லாமியினே முழுவதற்கும் அப்படி ஒரு நூல் இன்னும் இல்லாததால், புரோய்னிங்கின் பழைய கட்டுரைகளையும் மூல மாதிரிகளின் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.