நைலை அளந்த தூண்

கெய்ரோ மாநகரில், நைல் நதியின் நடுவே ரவ்தா என்னும் தீவு உளது. அதன் தென்கோடியில் ஆழ்ந்த கிணறு ஒன்று. கிணற்றின் நடுவே முழக்கணக்குப் பொறித்த எண்கோணச் சலவைக்கல் தூண். அப்பாஸியக் கலீஃபா முத்தவக்கிலின் ஆட்சியில், கி.பி. 861-இல் (ஹிஜ்ரி 247) எழுந்த 'மிக்யாஸ்' இதுவே. வெள்ளம் 16 முழத்தை எட்டிய பின்னரே கால்வாய் திறப்பு விழா நடைபெறும். நிலவரியும் இந்த அளவைப் பற்றியே விதிக்கப்பெற்றது. ஒரு முழம் குறைந்தாலும் மிஸ்று நாட்டு மக்களின் நெஞ்சம் நடுங்கும். ஃபாத்திமியக் கலீஃபா முஸ்தன்ஸிரின் காலத்தில், 1065 முதல் ஏழாண்டுகள் நீடித்த பெரும் பஞ்சம் அந்த நடுக்கத்துக்குச் சான்றாகும்.

நைலைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் புதிதன்று. கலீஃபா ஹாகிமின் அழைப்பை ஏற்று மிஸ்று வந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், அஸ்வான் பகுதிவரை சென்று பார்த்து, அது இயலாதெனத் திரும்பினார் என வரலாற்றாசிரியர் கூறுவர். ஆற்றின் அளவையும் தம் காலத்துக் கருவிகளின் அளவையும் அவர் ஒருங்கே அறிந்திருந்தார்.

தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைக்கப்பெற்ற நீர்மட்டக் கணக்குகள் வீண்போகவில்லை. 1906-இல் எகிப்து வந்த ஆங்கிலேய அறிஞர் ஹர்ஸ்ட் அவற்றை ஆராய்ந்து, 1951-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்: நல்லாண்டுகள் நல்லாண்டுகளோடும், வறட்சியாண்டுகள் வறட்சியாண்டுகளோடும் சேர்ந்தே வருகின்றன. யூசுஃப் நபி (அலை) அவர்கள் விளக்கிய ஏழு செழிப்பும் ஏழு வறட்சியும் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா? 1968-இல் கணித அறிஞர்கள் இவ்வியல்புக்கு அந்நபியின் பெயரையே சூட்டினர்.

ஆகவே ஓராண்டு நீரைத் தேக்கினால் போதாது. பல்லாண்டு நீரைத் தேக்க வேண்டும். 1970-இல் நிறைவுற்ற அஸ்வான் பேரணை ஏறத்தாழ ஈராண்டு நீர்வரத்தைத் தாங்கவல்லது. 1980களின் வறட்சியில் எகிப்தைக் காத்தது அதுவே. ஆனால் வண்டல் அணைக்குள் தங்கிவிட்டது. கழிமுகக் கரையைக் கடல் அரிக்கலாயிற்று.

தூண் காலத்தை அளந்தது, இடத்தை அளக்கவில்லை. அஸ்வானை அடையும் நீரில் பெரும்பகுதி எத்தியோப்பிய மலைகளில் பிறப்பது. ஆயினும் எகிப்தும் சூடானும் 1959-இல் நீரைப் பங்கிட்டபோது எத்தியோப்பியா அழைக்கப்படவில்லை. 2011-இல் அந்நாடு நீல நைலில் தொடங்கிய பேரணை 2025-இல் திறக்கப்பட்டது. வறட்சியில் எவ்வளவு நீர் விடுவதென்னும் உடன்படிக்கை அப்போதும் ஏற்பட்டிருக்கவில்லை.

ரவ்தாவில் சுல்தானும் உழவனும் ஒரே தூணின் கணக்கை ஏற்றனர். மூன்று நாடுகளும் ஒருங்கே ஏற்கும் முழக்கோல் ஒன்று இனித்தான் செதுக்கப்பட வேண்டும்.